சொல்லாத சொற்களுக்கு முப்பது இடம்

கோயமுத்தூர் மறுமொழி மருத்துவ மையத்தின் அடித்தளத்துக்குப் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டுதான் போவார்கள். அங்கே முன்னூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளை டேப் ஒட்டி ஒரு ஆளின் பெயரை எழுதியிருந்தார்கள். பக்கவாதத்திலோ விபத்திலோ பேச்சைத் தொலைத்தவர்களின் மண்டைக்குள் அரிசியளவு சில்லு ஒன்றை வைத்துவிடுவார்கள். ஆள் ஒன்றைச் சொல்ல நினைத்தால், அதற்கான வார்த்தையை அவருடைய பெட்டி தேடி எடுத்து அனுப்பும், வாய் அதைச் சொல்லும். ஆள் பொள்ளாச்சியில் இருந்தாலும் சரி, பொங்கலூரில் இருந்தாலும் சரி, கண் சிமிட்டுவதற்குள் வார்த்தை போய்ச் சேர்ந்துவிடும். ஆளுக்கு ஒரு பெட்டி என்று பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அத்தனை பெட்டிகளையும் கட்டி மேய்ப்பவள் தாரணி. முப்பத்தாறு வயது, முன்கோபம், மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிடும் பழக்கம். பெட்டிகளுக்கு வயசாகிவிட்டது. சித்திரை வெயிலில் தினமும் இரண்டு படுத்துக்கொள்ளும். ஒரு பெட்டி படுத்தால் எங்கோ ஒரு மனுஷர் சாப்பிடும்போதே பாதி வாக்கியத்தில் ஊமையாகிவிடுவார். அதனால் நிர்வாகம் பன்னிரண்டு பெரிய பெட்டிகளை வாங்கிக் கொடுத்து, எல்லோரையும் அவற்றுக்குள் குடிவைக்கச் சொல்லிவிட்டது. குடிவைக்கும் மென்பொருள் இரண்டு வந்திருந்தன. ஒன்றின் பெயர் சங்கமம், மற்றது வரப்பு. எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியது தாரணியின் வேலை.

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு இதுல என்ன இருக்குது? ரெண்டும் ஒரே வேலையத்தானே செய்யுது?" என்று கேட்டாள் ஜமீலா. நோயாளிகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள், தாரணியைவிடப் பத்து வயது மூத்தவள்.

"வேலை ஒண்ணுதான் அக்கா. ஒரு பெரிய பெட்டிய முப்பது நாப்பது சின்னப் பெட்டி மாதிரி நடிக்க வைக்கணும். வரப்புங்கறது லாட்ஜு ரூம் மாதிரி. நீ தூங்கினாலும் தூங்காட்டியும் உன் ரூம் உனக்கு. யாரும் உள்ள வரமுடியாது."

"சங்கமம்?"

"அது கல்யாண மண்டபத்துல பாய் விரிச்சுப் படுக்கற மாதிரி. யாரு புரளாம ஓரமாப் படுத்திருக்காங்களோ, அவங்க பாய்ல பாதிய உருவி இன்னொருத்தருக்குப் போட்டுரும். அவங்க முழிச்சுக் கேட்டாத் திருப்பிக் கொடுத்துரும்."

"உருவறதுன்னா?"

"பெட்டிக்குள்ள ஒரு பலூன ஊதும். பலூன் பெருசாக ஆக, ரொம்ப நாளாத் தொடாம கிடக்கற சாமானெல்லாம் அடித்தட்டுக்கு, டிஸ்குக்குப் போயிரும். அழியாது. கீழ இருக்கும்."

ஜமீலா சிரித்தாள். "அப்ப நம்ம வீட்டுப் பரண் மாதிரின்னு சொல்லு."

இதில் தாரணிக்கு ஒரு சொந்த விவகாரமும் இருந்தது. தலைக்குள் சில்லு வைத்தாகிவிட்டது, ஆனால் பெட்டியில் இடமில்லை என்று நூற்றெண்பத்தாறு பேர் காத்துக்கிடந்தார்கள். வரப்பைப் போட்டால், பன்னிரண்டு பெட்டிகளில் பழைய ஆட்கள் போக நாற்பது பேருக்குத்தான் இடம். சங்கமம் போட்டால் நூற்றெண்பத்தாறு பேரும் தாராளமாக உள்ளே வரலாம். அந்த வரிசையில் நூற்று நாற்பத்து மூன்றாவது ஆள் மிதுன், தாரணியின் தம்பி. கபடிப் போட்டி நடக்கிற ஊரெல்லாம் போய் மைக் பிடித்து, தோற்கிற அணியைக்கூடச் சிரிக்கவைத்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேம்பாலத்தில் வண்டி சறுக்கித் தலை அடிபட்டதில் பேச்சு போனது, எழுத்தும் போனது. புரியும், சிரிப்பான், கோபப்படுவான். ஒரு வார்த்தை வராது. அடுத்த தவணைப் பெட்டிகள் வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

ஒரு மாசம் வெள்ளோட்டம் பார்த்தார்கள். சங்கமத்தில் இருபது பேர், வரப்பில் இருபது பேர். அவர்களுடைய பழைய பெட்டிகளைத் தாரணி அணைத்து, அப்படியே பத்திரமாக வைத்தாள். ஜமீலாவிடம் நூறு கேள்விகள் கொண்ட பரீட்சை ஒன்று இருந்தது. உங்க பேரென்ன, எந்த ஊரு, காலைல என்ன சாப்பிட்டீங்க, இந்தப் படத்துல இருக்கறது என்ன என்று போகும். வாராவாரம் கேட்டாள். நாற்பது பேரும் இரண்டு பக்கமும் நூற்றுக்கு நூறு. வரப்புக்காரர்களுக்கும் சங்கமத்துக்காரர்களுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை.

தாரணி அன்றைக்கே அறிக்கையைச் சங்கமத்துக்குச் சாதகமாக எழுதிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமல் மிதுனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டேய், ஆவணி பொறக்கறதுக்குள்ள நீ பேசப்போற. மொதல்ல என்ன சொல்லுவ? என்னைத் திட்டித்தான ஆரம்பிப்ப?" அவன் வாயைத் திறந்தான். வழக்கம்போல வெறும் காற்றுதான் வந்தது. ஆனால் அன்றைக்கு அவனுக்கு அதில் வெட்கமே இல்லை. அவள் தலையில் நறுக்கென்று ஒரு கொட்டு வைத்துவிட்டுச் சிரித்தான்.

அறிக்கையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். புதன்கிழமை துளசிமணி வந்து சேர்ந்தார்.

துளசிமணி சங்கமத்தின் இருபது பேரில் ஒருவர். அறுபத்தைந்து வயசு, சென்னிமலைப் பக்கம். வாராவாரம் வீட்டுக்காரரோடு பஸ் ஏறி வருவார். அன்றைக்கு அவர் தனியாக, மத்தியானம் மூன்று மணிக்கு, வெறுங்கையோடு, வேர்த்து விறுவிறுத்து நடந்தே வந்தார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வீட்டுக்காரர் டீ வாங்கப் போனாராம். ஃபோன், பை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவர் கையில். அரைமணி நேரமாகியும் ஆளைக் காணோம். காவல் உதவி மேசையில் போய்ச் சொன்னார். அங்கே இருந்த பெண் போலீஸ் நல்ல மாதிரி. "காலைலருந்து வயசானவங்க மூணு பேர ஆம்புலன்சுல கூட்டிட்டுப் போயிருக்காங்கம்மா. மூணும் வேற வேற ஆஸ்பத்திரி. உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்க, இப்பவே கேட்டுச் சொல்லிர்றேன்" என்றாளாம். துளசிமணியால் சொல்ல முடியவில்லை.

ஜமீலா நாலு இடத்துக்கு ஃபோன் போட்டு, கால் மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். சர்க்கரை இறங்கி விழுந்தவரை அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் விழுந்ததில் இடுப்பு முறிந்து, கையெழுத்துப் போட சொந்தக்காரர் யாரும் இல்லாமல் ஆறு மணி நேரம் வலியில் கிடந்திருக்கிறார். தாரணி தன் காரிலேயே துளசிமணியை அங்கே கூட்டிக்கொண்டு போனாள்.

கட்டிலில் கிடந்த சென்னியப்பன் மனைவியைப் பார்த்ததும் அந்த வலியிலும் சிரித்தார். "ஏம்புள்ள, பேரக் கேட்டாங்களாமா? இவ எங்க சொல்லப்போறா! நாப்பத்திரண்டு வருசத்துல ஒருவாட்டி சொன்னதில்லீங்க. நம்மூரு மலைப் பேரக்கூட இவ வாயால சொல்லமாட்டா. அதுல எம்பேரு பாதி வருதுன்னு 'நம்ம மலை'ம்பா. சாவக் கிடந்தாலும் வெக்கம் போகாது."

சுற்றி நின்ற நர்சுகள் எல்லாம் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள். துளசிமணி மட்டும் சிரிக்கவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெக்கமில்லீங் கண்ணு."

"பரவால்லைங்கம்மா, எங்க பெரியம்மாவும் அப்படித்தான்."

"இல்லைங் சாமி. நான் சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். உசுரு போற நேரத்துல என்ன வெக்கம்? எடுக்கப் போனா... அந்த எடத்துல இல்லை. வாய்தான் சொன்னதில்ல. உள்ளார எப்பவும் இருந்துச்சு. இப்ப இல்லை." அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அவர்ட்டச் சொல்லிப்போடாதீங்க. மனசு விட்டுப்போவாரு."

தாரணி நேராக அடித்தளத்துக்கு வந்து துளசிமணியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். எல்லாம் பட்டவர்த்தனமாக அங்கேயே இருந்தது. அதிகம் பேசாத பெண். நாளில் முக்கால்வாசி நேரம் சங்கமத்தின் கணக்கில் அவர் 'சும்மா இருப்பவர்'. அதனால் பலூனை நன்றாக ஊதியிருந்தது. ஒருநாளும் வாயில் வராத வார்த்தைகளெல்லாம் முதல் வாரத்திலேயே அடித்தட்டுக்குப் போயிருந்தன. அங்கிருந்து ஒன்றை மேலே கொண்டுவர நாலு விநாடி ஆகும். கம்ப்யூட்டருக்கு நாலு விநாடி ஒரு பொருட்டில்லை. மனுஷ மனசு அரை விநாடிக்கு மேல் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்காது. வார்த்தை வந்து சேரும்போது மனசு அதைக் கைவிட்டிருக்கும். வாங்க ஆளில்லாமல் அது திரும்பக் கீழே போய்விடும். அப்படி நாலைந்து தடவை நடந்தால் தலைக்குள் இருக்கும் சில்லு அந்த வழியையே அடைத்துவிடும்.

நல்லவேளை, துளசிமணி ஒரே ஒரு தடவைதான் தேடியிருந்தார். தாரணி அவரைப் பழைய பெட்டிக்கு மாற்றினாள். மறுநாள் காலையில் துளசிமணி அறைக் கதவைச் சாத்தச் சொல்லி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "சென்னியப்பன்" என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சின்னப்பெண் மாதிரி முகம் சிவந்துபோனார்.

ஜமீலாதான் உடைந்துபோனாள். "தப்பு என்மேல தாரணி. பழைய பரீட்சையில நாப்பத்தோராவது கேள்வி அதுதான். 'கணவர் பேரென்ன.' பெரியவங்கல்லாம் நெளிவாங்க, பக்கத்துப் பெட்டுக்காரியச் சொல்லச் சொல்லுவாங்க. பாவமா இருக்குதேன்னு மொத வருசமே எடுத்துட்டேன். 'வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா, அவங்க பேரென்ன'ன்னு ஒண்ணு இருந்துச்சு. அழறாங்கன்னு அதையும் எடுத்துட்டேன். சங்கடப்படுத்தற கேள்வியெல்லாம் எடுத்துப்போட்டு, மரியாதையா ஒரு நூறு கேள்வி வெச்சிருக்கேன்."

இயக்குநர் சிதம்பரநாதனிடம் விஷயம் போனது. மனுஷர் கெட்டவர் இல்லை. காத்திருப்போர் பட்டியலைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே வைத்திருப்பவர். "ஒரு நாளும் சொல்லாத வார்த்தைக்கு எதுக்கும்மா இடம்?" என்றார். "நூத்தி எம்பத்தாறு பேரு 'தண்ணி'ன்னு ஒரு வார்த்தை கேக்க வழியில்லாம இருக்காங்க. அவங்க முன்னாடி போய், 'இவங்க வாயிலயே வராத வார்த்தைக்கு ரூம் ஒதுக்கியிருக்கோம், நீங்க ரெண்டு வருசம் பொறுங்க'ன்னு யார் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

 அவர் சொன்னது நியாயம். வராந்தாவில் துளசிமணி அழுததும் நியாயம். தாரணி ஒரு நாள் பூராவும் அடித்தளத்தில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் வழி ஒன்று கிடைத்தது. சங்கமத்தில் பூட்டு என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட சாமானுக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் பலூன் எவ்வளவு ஊதினாலும் அதைத் தொடாது. ஒவ்வொருவரும் தாங்கள் சொல்லாத, ஆனால் இழக்க மனசில்லாத வார்த்தைகளை ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிந்தால் பூட்டிவிடலாம்.

பூட்டு இடத்தை அடைக்கும். ஆளுக்கு எத்தனை வார்த்தை என்று உச்சவரம்பு வைத்தே ஆகவேண்டும். தாரணி கணக்குப் போட்டாள். ஆளுக்கு நாற்பது வார்த்தை என்று ஒதுக்கினால், காத்திருப்பவர்களில் நூற்று நாற்பது பேருக்கு இடம். முப்பது என்றால் நூற்று ஐம்பத்திரண்டு பேருக்கு இடம்.

நாற்பது என்று அடித்தாள். திரையில் நூற்று நாற்பது என்று வந்தது. அழித்தாள். முப்பது என்று அடித்தாள். அழித்தாள். மறுபடியும் நாற்பது. நூற்று நாற்பத்து மூன்றாவது ஆள் தன் தம்பியாக இல்லாமல் யாரோ ஒருவனாக இருந்தால் எதை எழுதியிருப்போம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. முப்பது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை, அவனைத் தவிர. யாருக்கு அப்படி முப்பதுக்கு மேல் சொல்லாத வார்த்தை இருந்துவிடப் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முப்பது என்று எழுதி அனுப்பினாள். ஏன் முப்பது என்று யாரும் கேட்கவில்லை. இயக்குநர் அவளைப் பாராட்டி எல்லோருக்கும் மின்னஞ்சல்கூட அனுப்பினார்.

அடுத்த ஆறு வாரம் ஜமீலாவின் அறையில் நடந்ததைப் போல அந்த மருத்துவமனையில் எப்போதும் நடந்ததில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, சொல்லாததையெல்லாம் சொன்னார்கள். வார்த்தை இருக்கும் இடத்தைக் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் தாரணி இருப்பாள். எழுதிவைக்கக் கூடாது, வெளியே பேசக் கூடாது என்பது கட்டளை. பாட்டிமார் வரிசையாக வந்து புருஷன் பெயரைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினார்கள். சாதி விட்டுக் கல்யாணம் பண்ணியதால் பதினாறு வருஷம் பேர் சொல்லாமல் ஒதுக்கிவைத்த மகளின் பெயரை ஒருத்தர் சொன்னார். சொன்ன கையோடு வெளியே போய் அந்த மகளுக்கு ஃபோன் போட்டார். ஒருவர் ஒரே ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி, "இதைப் பூட்டுங்க, எம் பங்காளிக்கு வெச்சிருக்கறேன்" என்றார்.

ஐந்தாவது வாரம் லூர்துசாமி மேஸ்திரி வந்தார். எழுபது வயது. கட்டட வேலைக்கு ஆள் கூட்டிவந்து கண்காணித்தவர். நெட்டையான உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாமே பேருங்க" என்றார். "பதினெட்டு வருசமாச்சு. கிடங்கு ஒண்ணு கட்டிட்டு இருந்தோம். மழையில சுவரு அப்படியே சாஞ்சு, கீழ தகரக் கொட்டாயில தூங்கிட்டிருந்தவங்க மேல விழுந்துருச்சு. பேப்பர்ல பன்னெண்டு பேருன்னு போட்டாங்க. நான் கூட்டியாந்தது முப்பத்தெட்டுப் பேரு. வடக்கத்திப் பசங்க. கான்ட்ராக்டர் எந்தப் புஸ்தகத்துலயும் பேரு எழுதல. ராவோட ராவா லாரியில ஏத்தி எங்கயோ கொண்டுபோயிட்டாங்க. நானும் பயந்துட்டு வாயத் தொறக்கல. அவங்க ஊரு பேருகூட எனக்குச் சரியாத் தெரியாது. எழுதி வெக்க எழுத்தும் வராது. ஆளுங்க பேரு மட்டுந்தான் தெரியும். வருசத்துல ஒரு நாளு, அந்த நாளைக்கு, கோயிலுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு ஒவ்வொரு பேரா மனசுக்குள்ளயே சொல்லுவேன்."

ஜமீலா தாரணியைப் பார்த்தாள். தாரணி திரையைப் பார்த்தாள்.

"ஐயா, முப்பதுதானுங்க பூட்ட முடியும்" என்றாள்.

"தெரியுமுங்க. வெளிய எழுதி ஒட்டியிருக்கறதச் சொன்னாங்க." நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "எட்டுப் பேர எப்படிங்க விடறது? கல்யாணமாகாதவங்கள விடறதா? பொண்டாட்டி புள்ள இருக்கறவன் பேர வீட்டுலயாச்சும் நெனைப்பாங்கன்னு அவனுகள விடறதா? ரெண்டு வாரமா இதேதானுங்க யோசன."

"வேணும்னா எல்லாப் பேரையும் சொல்லுங்க, அப்புறமாப் பாத்துக்கலாம்" என்றாள் ஜமீலா.

"இல்லீங்க. ஒருத்தன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, நீ போடான்னு எப்படிங்க சொல்றது? அந்த எட்டுப் பேர வாயில எடுக்கவே இல்ல. அப்படியே விட்டுர்றேன்."

நாற்பது என்று வைத்திருந்தால் இந்த மனுஷனுக்கு இது வந்திருக்காது. அந்த நிமிஷம் எழுந்து, "இருங்க ஐயா, மாத்தித் தாரேன்" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நாற்பது என்று ஒருவருக்கு வைத்தால் எல்லோருக்கும் வைக்க வேண்டும். அப்புறம் மிதுன் எங்கே போவான்? தாரணி கருவியை இயக்கினாள். லூர்துசாமி முப்பது பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு விட்டார். முடித்துவிட்டு இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆவணியில் எல்லோரையும் பன்னிரண்டு பெட்டிகளுக்கு மாற்றினார்கள். பழைய பெட்டிகளைத் துடைத்துவிட்டு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அடித்தளம் இப்போது நூலகம் மாதிரி அமைதியாக இருந்தது. புதியவர்கள் வரிசைப்படி உள்ளே வரத் தொடங்கினார்கள்.

மிதுனின் முறை புரட்டாசி முதல் வாரம் வந்தது. முதல் நாள் திக்கினான். இரண்டாம் நாள், "அக்கா, நீ போடற காப்பி கேவலமா இருக்குது. மூணு வருசமாச் சொல்லணும்னு இருந்தேன்" என்றான். தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணீர் வரச் சிரித்தாள். பத்து நாளில் அவன் தெருவில் பந்து ஆடுகிற பிள்ளைகளுக்கு மாடியிலிருந்து வர்ணனை சொல்ல ஆரம்பித்துவிட்டான். கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

அந்த மாசக் கடைசியில்தான் பூட்டுக் கணக்கை முடித்து நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மொத்தத்தையும் கூட்டி ஆள் கணக்கில் வகுத்துப் பார்த்தாள். சராசரி ஒன்பது. தவறாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி பார்த்தாள். ஒன்பதுதான். பெரும்பாலானவர்கள் நாலைந்து வார்த்தைகளோடு எழுந்து போயிருந்தார்கள். துளசிமணி இரண்டே இரண்டு. முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் முப்பது இடத்தையும் நிரப்பியவர் ஒருத்தர்தான். பூட்டுக்கென ஒதுக்கியதில் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. நூற்று எழுபத்தேழு பேர் வரைக்கும் உள்ளே விடலாம். உச்சவரம்பை நாற்பது என்ன, நூறு என்று வைத்திருந்தாலும் மிதுனுக்கு இடம் இருந்திருக்கும்.

தாரணி யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு லூர்துசாமியின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்னங் கண்ணு, இத்தன தூரம்? ஃபோன் பண்ணுனா நானே வந்திருப்பனே."

"இடம் இருக்குதுங்க ஐயா. அந்த எட்டுப் பேரையும் சொல்லுங்க, இங்கயே பூட்டிரலாம்." திண்ணையில் உட்கார்ந்து கையடக்கக் கருவியை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. உட்கார்ந்து கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. தாரணி காத்திருந்தாள். தெருவில் காய்கறி வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனது. அவர் விரல் விட்டு எண்ணினார், ஒவ்வொரு விரலிலும் நின்று நின்று. எட்டாவது விரலில் கண்ணைத் திறந்தார்.

"எட்டுப் பேருன்னு தெரியுதுங்க. ஒருத்தன் புல்லாங்குழல் வாசிப்பான். ஒருத்தனுக்கு மீசையே மொளைக்கல. மொகமெல்லாம் அப்படியே நிக்குது. பேருதான்..." கையை விரித்தார். "விட்டுட்டமேன்னு ரெண்டு மாசமா அடிக்கடி எடுத்துப் பாத்துட்டு இருந்தேன். பாக்கப் பாக்கப் போயிருச்சாட்ட இருக்குது."

நாலைந்து தடவை தேடிக் கிடைக்காவிட்டால் சில்லு வழியை அடைத்துவிடும். இனி எந்தப் பெட்டியாலும் அதைத் திறக்க முடியாது. அந்த எட்டுப் பேருடைய பெயர்கள் உலகத்தில் இருந்த ஒரே இடம் அதுதான். தாரணி எழுந்து நின்றுகொண்டு சொன்னாள், அவரைப் பார்க்காமல்.

"நாப்பதுன்னு வெச்சிருக்கலாமுங்க ஐயா. நான்தான் முப்பதுன்னு கொறைச்சேன். நாப்பதுன்னா என் தம்பிக்கு இடமில்லாமப் போயிரும்னு பயந்துட்டேன். வேற ஒரு காரணமும் இல்லீங்க."

 லூர்துசாமி கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி பேசறாப்லயா?"

"பேசறானுங்க."

"பேரென்னங்?"

"மிதுன்."

"மிதுன்." ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கில் அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பவர்போல மறுபடியும் சொன்னார். "மிதுன். இதையும் பூட்டிருங்க, கண்ணு. அதுதான் இடமிருக்குதுங்கறீங்களே. அந்தப் பேருங்களோட பேரா, உசுரோட இருக்கறவன் பேரு ஒண்ணாச்சும் இருக்கட்டும்."